600 வெள்ளியும் செராஸின் ஒரு புதன்கிழமையும்

பள்ளி விடுமுறை நெருங்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் குரல் பதிவுகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "ஊர் சுற்றப் போறோம். போற இடத்துல வீடியோ எடுத்து, அங்கிருந்தே ஏத்தணும். விலை குறைவா, கையில தூக்கிட்டுப் போற மாதிரி என்ன வாங்கலாம்?" கேட்பவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் குடும்பத் தலைவிகள் உண்டு, வேலை முடிந்த பின் சொந்தமாகக் காணொளிப் பக்கம் நடத்தும் இளைஞர்களும் உண்டு.

பெரும்பாலோர் கேமராவைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை மெகாபிக்சல், இரவில் படம் தெளிவாக வருமா என்று போகும் பேச்சு. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் சுமாரான கைப்பேசியே வீட்டார் பார்த்து மகிழும் அளவுக்குப் படம் எடுத்துவிடுகிறது. எடுத்ததை அங்கிருந்தே அனுப்புவதுதான் பெரும்பாடு. அந்தப் பாட்டைக் குறைக்கும் பொருள் எது என்று கண்டுபிடிக்க நான் தேர்ந்தெடுத்த ஊர் செராஸ்.

ஏன் செராஸ்?

ஒரே நாளில் எல்லா வகை இணைய நிலவரத்தையும் பார்க்க இதைவிட வசதியான இடம் கிள்ளான் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்து இல்லை. செராஸின் ஒரு பாதி கோலாலம்பூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. மறு பாதி சிலாங்கூரின் ஹுலு லங்காட் மாவட்டத்துக்குள் போய்விடுகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கோலாலம்பூரிலிருந்து மைல் கல் நட்டு எண்ணிய பழக்கம் இன்னும் போகவில்லை. பத்து 9, பத்து 11 என்று பெயர்ப்பலகை சொல்கிறது. நம்மவர்களுக்கு அது ஒன்பதாங்கட்டை, பதினோராங்கட்டை.

2017 ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்ட காஜாங் எம்ஆர்டி பாதையில் ஏறினால் கொக்ரேன், மாலூரி நிலையங்கள் நிலத்துக்கு அடியில் இருக்கும். தாமான் பெர்த்தாமா முதல் ரயில் மேலே ஏறி, அடுக்குமாடி வீடுகளின் சன்னல் உயரத்தில் ஓடும். ஒன்பதாங்கட்டையில் பிரிந்தால் ஹுலு லங்காட் மலைச்சாலை. புதன்கிழமை மாலையில் தாமான் கொனாட் இரவுச் சந்தைக் கூட்டம். சுரங்கம், நகரம், காடு, நெரிசல் எல்லாம் ஒரே சாலையின் வழியில் வந்துவிடுகின்றன.

ஒரு குரல் பதிவு

இந்தப் பயணத்துக்குக் காரணமானவர் பண்டார் துன் ரசாக் பக்கம் ஓர் அடுக்குமாடியில் வசிக்கும் 23 வயது இளைஞர். மோட்டாரில் உணவு கொண்டு சேர்க்கும் வேலை. அவர் அனுப்பிய குரல் பதிவு இரண்டு நிமிடம் இருந்தது.

"அக்கா, எங்க பாட்டிக்கு 81 வயசு. ஹுலு லங்காட் பக்கம் தோட்டத்துல பால் மரம் வெட்டினவங்க. அவங்க அக்கா சுங்கை சிப்புட்ல இருக்காங்க, 84 வயசு, படுத்த படுக்கை. ரெண்டு பேரும் 2019 தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கல. பாட்டிய அந்தத் தோட்டம் இருந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போய், அவங்க பாடுறத எடுத்து, அன்னைக்கே பெரிய பாட்டிக்குக் காட்டணும். என் போன் பழசு, இடம் இல்ல. 600 வெள்ளி சேர்த்து வச்சிருக்கேன். என்ன வாங்கட்டும்?"

600 வெள்ளி அவருக்குச் சிறிய தொகை இல்லை. மழையிலும் வெயிலிலும் ஓடிச் சேர்த்தது. தவறான பொருளை வாங்கினால் பணம் போவதோடு நிற்காது. 84 வயதுக்காரரின் காத்திருப்புக்கு எத்தனை நாள் மிச்சம் என்று யாரால் சொல்ல முடியும்?

முதலில் கணக்கு

கடைக்குப் போகும் முன் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கைப்பேசியில் 1080 தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தால், புதிய வகைக் கோப்பு முறையில் ஏறத்தாழ 60 மெகாபைட் ஆகும். பழைய முறையில் அதுவே 130 மெகாபைட் வரை போகும். 4கே தரம் என்றால் புதிய முறையிலேயே நிமிடத்துக்கு 170 மெகாபைட் அளவு. ஆக, பத்து நிமிடக் காணொளி 1080 தரத்தில் 600 மெகாபைட். 4கே தரத்தில் 1,700 மெகாபைட்.

கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்கிறார்கள். இணைய வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். 8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அந்த 600 மெகாபைட் மேலேற 8 நிமிடம் ஆகும். வேகம் 2 மெகாபிட்டாகக் குறைந்தால் 40 நிமிடம். அதே 2 மெகாபிட்டில் 4கே கோப்பு ஏற ஏறக்குறைய 2 மணி நேரம்.

இந்தக் கணக்கிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. 4கே எடுக்கும் விலையுயர்ந்த கேமரா இந்த இளைஞருக்குத் தேவையில்லை. படுக்கையில் இருப்பவர் கைப்பேசித் திரையில்தான் பார்க்கப் போகிறார். 1080 போதும், அவசரமென்றால் 720கூடப் போதும்.

இங்கே ஒரு வானொலிக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். கைப்பேசியில் படம் பார்க்கும்போது கோபுரம் பேசுகிறது, நாம் கேட்கிறோம். பதிவேற்றும்போது நாம் பேசுகிறோம், கோபுரம் கேட்க வேண்டும். கோபுரத்தின் சக்தி பல பத்து வாட். நம் கைப்பேசி அனுப்புவது அதிகபட்சம் ஏறத்தாழ 0.2 வாட். கோவில் ஒலிபெருக்கிக்கு எதிரில் நின்று முணுமுணுப்பது போலத்தான். அதோடு 5ஜியில் கீழே வருவதற்கும் மேலே போவதற்கும் நேரத்தைப் பங்கு போடும்போது பெரும்பங்கு கீழே வருவதற்கே போகிறது. அதனால்தான் படம் தங்கு தடையின்றி ஓடும் இடத்தில்கூடப் பதிவேற்றம் முக்குகிறது. வேகம் சோதிக்கும் செயலியில் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். பதிவேற்றம் என்று பக்கத்தில் இருக்கும் சிறிய எண்தான் நம்முடையது.

பிளாசா லோ யாட்டில் ஒரு ஞாயிறு

மாலூரியிலிருந்து எம்ஆர்டியில் மூன்றாவது நிலையம் புக்கிட் பிந்தாங். அங்கிருந்து நடை தூரத்தில் பிளாசா லோ யாட். நானும் அந்த இளைஞரும் ஞாயிறு காலை கூட்டம் சேரும் முன் போனோம். எங்கள் பட்டியலில் மூன்று பொருள்கள் இருந்தன.

முதலாவது, கைக்குள் அடங்கும் பாக்கெட் வைஃபை மோடம். நாங்கள் கேட்ட கடையில் 180 வெள்ளி சொன்னார்கள். பழைய கைப்பேசியை வைத்துக்கொண்டு இதை மட்டும் வாங்கினால் போதாதா என்பது அவருடைய எண்ணம். நான்கைந்து பேர் ஒன்றாகப் பயணம் செய்து ஒரே சிம்மைப் பகிர்ந்துகொள்ள இது நல்ல பொருள். ஆனால் இதுவும் அதே கோபுரத்தோடுதான் பேசுகிறது. பதிவேற்றத்தில் மாயம் எதுவும் செய்யாது. தனியாக மின்னேற்ற வேண்டும். சில கைப்பேசித் திட்டங்களின் சிம் மோடத்தில் வேலை செய்யாது. அதைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்ட பிறகே வாங்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: பழைய பொருள் விற்கும் இடங்களில் 3ஜி மோடம் 30, 40 வெள்ளிக்குக் கிடைக்கும். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த மோடம் இனி மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும்.

இரண்டாவது, டேப்லெட். பெரிய திரை, வெட்டி ஒட்ட வசதி. ஆனால் எங்கள் விலைக்குள் வந்தவற்றில் சிம் போடும் இடம் இல்லை. வைஃபை மட்டும்தான். அப்படியென்றால் வெளியிடத்தில் இன்னொரு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்க வேண்டும். அளவில்லாத் தரவு என்று விளம்பரம் செய்யும் திட்டங்களிலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருப்பது வழக்கம். அந்த வரம்பு பத்து நிமிடக் காணொளிகள் சிலவற்றிலேயே தீர்ந்துவிடலாம்.

மூன்றாவது, இரண்டு மூன்று வருடம் பழகிய கைப்பேசி. எடுப்பது, வெட்டுவது, அனுப்புவது மூன்றும் ஒரே பொருளில். 128 ஜிகாபைட் இடம், நினைவக அட்டை போடும் வசதி, இரண்டு சிம், 5ஜி. கடைக்காரர் 480 சொன்னார், 430க்கு இறங்கினார். மீதியில் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, சிறிய முக்காலி ஒன்று. எல்லாம் சேர்ந்து 545 வெள்ளி. மிச்சம் 55 வெள்ளியில் வேறொரு நிறுவனத்தின் முன்கட்டண சிம் வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டாவது சிம்தான் இந்தப் பட்டியலில் மிக மலிவான, மிகப் பயனுள்ள பொருள். ஓர் இடத்தில் ஒரு நிறுவனத்தின் கோபுரம் அருகில் இருக்கும். அடுத்த மலைத் திருப்பத்தில் இன்னொரு நிறுவனத்துடையது இருக்கும். விலையுயர்ந்த கைப்பேசியும் ஒரு சிம்மும் வைத்திருப்பவரைவிட, மலிவான கைப்பேசியும் இரண்டு சிம்மும் வைத்திருப்பவர் பயணத்தில் முந்திக்கொள்வார்.

புதன்கிழமை காலை: சுரங்கமும் பாலமும்

புதன்கிழமை எனக்கு விடுப்பு. அவருடைய புதிய பழைய கைப்பேசி, நண்பரிடம் இரவல் வாங்கிய மோடம், வீட்டில் இருந்த டேப்லெட் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் குறித்துக்கொண்ட எண்கள் அன்றைய தினத்துக்கும் எங்களிடம் இருந்த சிம்களுக்கும் உரியவை. உங்கள் கையில் அவை மாறும். ஏறி இறங்கும் விதம் மட்டும் பெரும்பாலும் மாறாது.

மாலூரி நிலத்தடி மேடையில் பதிவேற்ற வேகம் 14 மெகாபிட். 600 மெகாபைட் கோப்பு ஆறு நிமிடத்தில் போய்விடும். நிலத்துக்கு அடியில் இவ்வளவா என்று வியக்க வேண்டாம். இத்தகைய நிலையங்களுக்குள்ளேயே அலைவரிசைக் கருவிகள் பொருத்துகிறார்கள். ஓடும் ரயிலில் சோதித்தபோது எண் மேலும் கீழும் குதித்தது. ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்குக் கைமாறும்போதெல்லாம் பதிவேற்றம் தயங்கி நிற்கும். ரயிலில் போகிற நேரத்தை வெட்டி ஒட்டுவதற்கு வைத்துக்கொண்டு, இறங்கி நின்ற இடத்தில் அனுப்புவதே நல்லது.

தாமான் கொனாட் நிலையத்தில் காலை பத்து மணிக்கு 22 மெகாபிட். நான்கு நிமிடத்துக்கும் குறைவு. மோடத்தில் அதே சிம்மைப் போட்டுப் பார்த்தேன், 20. டேப்லெட்டைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன், 17. மூன்று பொருள்களுக்கும் வழி ஒன்றேதான். நடுவில் ஒரு கை கூடினால் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.

ஹுலு லங்காட்: கோடுகள் மறையும் இடம்

தாமான் சன்டெக்ஸ் நிலையத்தில் இறங்கியபோது அந்த இளைஞர் உறவினர் காரோடு காத்திருந்தார். முன் இருக்கையில் பாட்டி. வெளிர் நீலச் சேலை, நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பசியாற எடுத்துவந்த தோசை.

ஒன்பதாங்கட்டையிலிருந்து ஹுலு லங்காட் சாலையில் திரும்பினால் பத்து நிமிடத்தில் காட்சி மாறிவிடுகிறது. வீடமைப்புப் பகுதிகள் பின்தங்கி, டுரியான் மரங்களும் பழக்கடைகளும் முன்னால் வருகின்றன. பதினாலாங்கட்டை ஒரு சிறு பட்டணம். அதைத் தாண்டினால் சுங்கை சொங்காக் ஆற்றங்கரை, சுங்கை காபாய் நீர்வீழ்ச்சி, 1,493 மீட்டர் உயரமுள்ள குனோங் நுவாங். வார இறுதியில் கோலாலம்பூர்க் குடும்பங்கள் குளிக்கவும் மலையேறவும் வரும் வழி இது. மலைகள் இரு பக்கமும் நெருங்க நெருங்க, கைப்பேசித் திரையின் மூலையில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

பாட்டி சொன்ன இடத்தில் தோட்டம் இல்லை. வேலி போட்ட நிலம், ஒரு பட்டறை, அப்பால் புதர். லயத்து வீடுகள் இருந்த இடத்தைக் கையால் காட்டினார். பெரட்டுக்கு நின்ற இடத்தைக் காட்டினார். சாலையோரம் பராமரிப்பில்லாத நான்கைந்து ரப்பர் மரங்கள் மட்டும் நின்றன. ஒன்றின் பட்டையில் பழைய வெட்டுத் தழும்பு ஆறி மூடிக் கிடந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

பேரன் முக்காலியை நட்டார். பாட்டி பாடினார். அக்காவும் தானும் காண்டா வாளி தூக்கிக்கொண்டு போகும்போது பாடியது, தம்பிக்குத் தாலாட்டாகப் பாடியது, நடுவில் சிரிப்பு, கங்காணியைப் பற்றி ஒரு கதை. பதினோரு நிமிடம். திரையைப் பார்த்தேன். ஒரு சிம்மில் ஒரே கோடு. மற்றதில் எதுவும் இல்லை. வேகச் சோதனை தொடங்கியது, முடியவில்லை.

"ஏம்மா, இப்ப இது அக்காவுக்குப் போயிருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல பாட்டி. இங்க லைன் இல்ல. பதினாலாங்கட்டைக்குப் போய்த்தான் அனுப்பணும்."

"அதானே பார்த்தேன். பால் எடுத்தா மட்டும் போதுமா? உறையறதுக்குள்ள ஸ்டோருக்குக் கொண்டு போய் ஊத்தினாத்தான் அன்னைக்குக் கணக்கு."

மூன்று நாளாக நான் விளக்கிக்கொண்டிருந்த விஷயத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கைப்பேசிக்குள்ளேயே கிடக்கும் காணொளி வாளியில் கிடக்கும் பால்தான். கைப்பேசி ஆற்றில் விழலாம், தொலையலாம், திருடு போகலாம். வேறோர் இடத்தில் இரண்டாவது பிரதி சேரும் வரை அது நமக்கு உரியதாகாது.

இந்த நாட்டில் இணையத்துக்காக மேடு தேடி ஓடியவர்கள் எத்தனையோ பேர். 2020 ஜூனில் சபா மாநிலத்தின் பித்தாஸில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் தங்கியதைக் காட்டிய காணொளி நாடு முழுவதும் பேசப்பட்டது. அவர் மரம் ஏறியதில் விஞ்ஞானம் இருக்கிறது. 0.2 வாட் முணுமுணுப்பு கோபுரத்தை எட்ட வேண்டுமானால் நடுவில் மலையும் மரமும் மறைக்கக் கூடாது. பள்ளத்தில் நின்று பத்து முறை முயல்வதைவிட மேட்டுக்கு நடப்பது மேல்.

நாங்கள் மரம் ஏறவில்லை, காரைத் திருப்பினோம். போகிற வழியிலேயே பேரன் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையில்லாத ஒரு நிமிடத்தை வெட்டினார். பத்து நிமிடம், 600 மெகாபைட். அதே நேரத்தில் நினைவக அட்டைக்கும் ஒரு பிரதி எடுத்தோம். பதினாலாங்கட்டைக் கடை ஒன்றின் வெளி மேசையில் உட்கார்ந்து தே தாரேக் சொன்னோம். முதல் சிம்மில் 1.8 மெகாபிட். இரண்டாவது சிம்மில் 6. அந்த 55 வெள்ளி அங்கேயே வேலை செய்துவிட்டது. முதல் சிம்மில் அனுப்பியிருந்தால் முக்கால் மணி நேரம். இரண்டாவதில் 13 நிமிடம்.

யூடியூபில் ‘பட்டியலிடப்படாதது’ என்ற அமைப்பில் ஏற்றினோம். இணைப்பு கையில் இருப்பவர் மட்டுமே பார்க்கலாம், தேடினால் வராது. குடும்பக் காணொளிகளுக்கு இது ஏற்றது. யூடியூபில் கணக்கைத் தொலைபேசி எண் மூலம் உறுதிப்படுத்தாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியை ஏற்காது. அதை வீட்டிலேயே செய்து வைத்துவிட வேண்டும். காட்டோரத்தில் நின்று குறுஞ்செய்தி எண்ணுக்குக் காத்திருப்பது வீண். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கி மங்கும். ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்பினால் 2 ஜிகாபைட் வரை தரம் குறையாமல் போகும்.

தே தாரேக் ஆறி அடிவாரத்துக்கு வந்தபோது பதிவேற்றம் முடிந்தது. மதியம் ஒன்றரை மணிக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய பாட்டியின் மகள் பேசினார். அவர் சொன்னதில் பாதி எங்களுக்குக் கேட்கவில்லை. பின்னணியில் ஒரு மெல்லிய குரல், பாட்டி பாடிய அதே தாலாட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தது. பேரன் ஒலிபெருக்கியை இயக்கிக் கைப்பேசியைப் பாட்டியின் காதருகே வைத்தார். பதினாலாங்கட்டைக் கடை மேசையில் தங்கை இந்தப் பக்கமிருந்து சேர்ந்துகொண்டார்.

இரவுச் சந்தை: கூட்டம் என்ற சுவர்

பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு, மாலையில் தாமான் கொனாட்டுக்குத் திரும்பினேன். ஜாலான் செர்டாஸ் நெடுக ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்கு நீளும் புதன்கிழமைச் சந்தை இது. அபாம் பாலிக், கரும்புச்சாறு, வறுத்த கோழி, கைப்பேசி உறை, குழந்தைச் சட்டை என்று கண் போகும் இடமெல்லாம் விளக்கு. ஆளுக்கொரு கைப்பேசி தலைக்கு மேல்.

காலையில் 22 மெகாபிட் தந்த அதே வட்டாரம், இரவு எட்டரைக்கு 1.5 தந்தது. 600 மெகாபைட் கோப்புக்கு 53 நிமிடம். திரையில் கோடுகள் நிறைந்துதான் இருந்தன. கோடு என்பது கோபுரம் நமக்குக் கேட்கிறது என்பதன் அடையாளம். அந்தக் கோபுரத்தை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதை அது சொல்லாது. தைப்பூசத்தன்று பத்துமலையிலும் தீபாவளிக்கு முந்திய வாரம் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நாம் படும் அவதிக்குக் காரணம் இதுதான். இதை எந்தக் கைப்பேசியும் தீர்க்காது, 5,000 வெள்ளிக் கைப்பேசியும் தீர்க்காது. இரண்டு தெரு தள்ளி நடந்தால் தீரும். அல்லது நேரம் தள்ளிப்போனால் தீரும். பதினொன்றரைக்குக் கடைகள் கட்டும் வேளையில் அதே இடத்தில் 18 மெகாபிட் கிடைத்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழகிய கைப்பேசி வாங்குவோருக்குச் சில வார்த்தைகள். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். சிரிம் சான்று பெற்ற பொருளா என்று கேளுங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கு முழுவதும் நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே தொடக்க நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடையில் நிற்கும்போதே உங்கள் சிம்மைப் போட்டு, ஐந்து நிமிடக் காணொளி எடுத்து, அங்கிருந்தே ஏற்றிப் பாருங்கள். அதற்குள் கைப்பேசி கை பொறுக்காத அளவுக்குச் சூடானாலோ மின்கலம் மளமளவென்று இறங்கினாலோ வேறொன்றைக் கேளுங்கள். எழுத்தில் உத்தரவாதம் தராத கடையில் பத்து வெள்ளி குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

மின்சாரத்தையும் கணக்கில் வையுங்கள். பதிவேற்றம் மின்கலத்தை வேகமாகக் குடிக்கும். கோடு குறைந்த இடத்தில் இன்னும் வேகமாக. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் கைப்பேசியை இரண்டு முறை நிரப்பாது. மின் மாற்றத்தில் ஒரு பங்கு வீணாவதால் ஒன்றரை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போகும்போது பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக்கூடாது.

நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரே சிம்மில் பயணம் செய்தால் மோடம் வாங்குங்கள். தினமும் ஒரு மணி நேரம் வெட்டி ஒட்டும் தொழில்முறை வேலை என்றால் சிம் போடும் டேப்லெட்டுக்குப் பணம் சேருங்கள். மற்ற எல்லோருக்கும் பழகிய கைப்பேசி, இரண்டு சிம், ஒரு பவர் பேங்க், ஒரு நினைவக அட்டை போதும்.

வாங்கியதும் நீண்ட பயணத்துக்குக் கிளம்ப வேண்டாம். ஒரு புதன்கிழமை கொக்ரேனில் ஏறுங்கள். தாமான் கொனாட்டில் இறங்கி ஒரு முறை, ஹுலு லங்காட் சாலையில் ஒரு முறை, இரவுச் சந்தையில் ஒரு முறை ஒரே கோப்பை அனுப்பிப் பாருங்கள். செராஸில் தேறிய பொருளை நம்பிக் கேமரன் மலைக்கும் எடுத்துப் போகலாம், தஞ்சாவூருக்கும் எடுத்துப் போகலாம். எங்கே போனாலும் அன்று எடுத்ததை அன்றிரவு தூங்கும் முன் வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். விடுதி வைஃபையோ, மேட்டுக் கடை மேசையோ, கடை கட்டும் நேரத்துத் தெரு முனையோ, கோடு இருக்கும் இடத்தில் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஒரு தே தாரேக் குடிக்கும் நேரம்தான்.